செக்போஸ்ட் தாண்டினால் இரண்டு குடும்பம்

வரிக்கணக்கு பார்க்கிறவருக்குக் கார் ஓட்டுகிறவன், கண்ணை ரோட்டுக்கும் காதைப் பின்சீட்டுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டவன். புதுக்கோட்டையில் ஆடிட்டர் சூசைநாதன் ஐயாவிடம் நான் அப்படித்தான் பல வருஷம் இருந்தேன். எனக்கு ஊர் வல்லத்திராக்கோட்டை. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. சட்டம் எனக்குத் தெரியாது. சட்டத்தில் மாட்டிக்கொண்ட மனுஷர்கள் என்ன பேசினார்கள் என்பது மட்டும் தெரியும். வீடு ஓரிடம் தோட்டம் ஓரிடம் என்று வைத்துக்கொண்டு, இரண்டு சர்க்காருக்கும் கணக்குக் கொடுத்துத் தலையைப் பிய்த்துக்கொள்கிற புண்ணியவான்களே, இது உங்களுக்காகத்தான். உங்கள் பெருமூச்சையெல்லாம் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனவன் நான்.

காலுக்கு யார் சொல்வது?

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம்தான் நான் ஐயாவிடம் வேலைக்கு வந்தேன். அதுவரைக்கும் புதுக்கோட்டைச் சீமை ஒரு சர்க்கார், எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு சர்க்கார். ஐயாவிடம் வருகிற ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்குக் கடை அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். எந்தச் சீமையில் குடியிருக்கிறோமோ அதை வைத்துத்தான் வரி என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து என்ன வியாபாரம் நடந்தாலும் பொழுது சாயுமுன் எல்லை தாண்டி வந்து இந்தப் பக்கம்தான் படுப்பாராம். எல்லைச் சாவடி வந்ததும் வண்டியை விட்டு இறங்கி, அங்கே நிற்கிற சேவகன் பார்க்கும்படி நடந்தே வருவாராம். நாளைக்கு எவனாவது கேட்டால் அந்தச் சேவகன் சாட்சி.

சீமைகள் சேர்ந்துபோன பிறகு ஒரு நாள் அவரை எங்கள் காரில் கூட்டிக்கொண்டு வந்தோம். வெயில் தாழ்ந்து, பொட்டல் முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. அங்கிட்டும் செம்மண்தான், இங்கிட்டும் செம்மண்தான், அதே ஆவாரஞ்செடிதான். "கொஞ்சம் நிப்பாட்டுப்பா" என்றார். இறங்கினார். சாவடி இருந்த இடத்தில் ஒரு வெள்ளாடு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. மேல்துண்டை எடுத்து உதறி, மறுபடி ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, அந்த ஆட்டைத் தாண்டி மெதுவாக நடந்தார். நான் அவர் பின்னாலேயே காரை உருட்டிக்கொண்டு போனேன். ஆடு தலையைத் தூக்கி எங்கள் ஊர்வலத்தைப் பார்த்தது. கொஞ்ச தூரம் போனதும் கனவு கலைந்தவர் மாதிரி நின்றார், ஏறி உட்கார்ந்தார். ஐயா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எல்லைதான் போயிருச்சே" என்றார்.

"போனது எனக்குத் தெரியும் ஆடிட்டரே, என் காலுக்கு யாரு சொல்றது?"

ஒன்றரைக் குடும்பம்

அப்புறம் சில வருஷம் கழித்து மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்தார்கள். மேற்கே மலைக்கு இந்தச் சரிவு மெட்ராஸ், அந்தச் சரிவு கேரளா என்று ஆனது. அந்தச் சமயத்தில்தான் அரிமளத்து அண்ணன் தம்பி எங்கள் காருக்கு வந்து சேர்ந்தார்கள். அண்ணன் சாத்தப்பன், தம்பி சொக்கலிங்கம். அவர்கள் அப்பச்சி, அதாவது அப்பா, வாங்கிப்போட்ட காப்பித் தோட்டம் இந்தச் சரிவில். பிற்பாடு இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய ஏலக்காய்த் தோட்டம் அந்தச் சரிவில். தோட்டம் எங்கே இருக்கிறதோ அந்த சர்க்காருக்கு அந்தத் தோட்டத்து வரி. அதில் ஒரு வில்லங்கமும் இல்லை.

வில்லங்கம் இவர்கள் எழுதிக் கொடுத்ததில் இருந்தது. கூட்டுக் குடும்பம் என்று எழுதினால் வரி கூடும், பாகம் பிரிந்துவிட்டோம் என்று எழுதினால் குறையும் என்று கேரளாவில் ஒருத்தர் யோசனை சொல்லியிருக்கிறார். அங்கே அப்படி எழுதிவிட்டார்கள். மெட்ராஸ் பக்கம் எப்போதும் போல ஒரே குடும்பம். மெட்ராஸில் ஏன் அப்படி எழுதவில்லை என்றால், பெற்ற ஆத்தா. அப்பச்சி கண்ணை மூடும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, 'ஆத்தா இருக்கிற வரைக்கும் பிரியமாட்டோம்' என்று இரண்டு பேரும் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாக்கு அரிமளத்துக்குத்தான் பொருந்தும், மலை தாண்டினால் பொருந்தாது என்று எப்படியோ மனசைத் தேற்றிக்கொண்டார்கள். இங்கே சொல்வது அங்கே கேட்காது என்றும் ஒரு நினைப்பு. இப்போது கேரளாவிலிருந்து ஆள் வந்து விசாரிக்கப்போவதாகத் தகவல் வந்துவிட்டது.

திருமயம் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறோம். ஐயா இரண்டு சர்க்கார் காகிதக் கட்டையும் மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பின்னால் திரும்பினார்.

"நேராக் கேக்குறேன். நீங்க பிரிஞ்சாச்சா, இல்லையா?"

"மலைக்கு அந்தப் பக்கம் பிரிஞ்சாச்சுங்க" என்றார் அண்ணன்.

"இந்தப் பக்கம் இல்லீங்க" என்றார் தம்பி.

"ஆத்தாவுக்குத் தெரியுமா?"

பின்சீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நெஞ்சில் கையை வைத்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். "அவுக காதுல விழுந்துச்சுன்னா அன்னையோட பச்சைத் தண்ணி தொட மாட்டாகங்க" என்றார் தம்பி.

"ரெண்டு எடத்துலயும் ஒண்ணுன்னு எழுதணும். இல்லைன்னா ரெண்டு எடத்துலயும் பிரிஞ்சோம்னு எழுதணும். பிரிஞ்சோம்னா ஆத்தாகிட்ட நீங்கதான் போய்ச் சொல்லணும். என்னால ஆகாது" என்று ஐயா காகிதக் கட்டை மூடி வைத்தார்.  அப்புறம் ஐயாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஆமா, செக்போஸ்ட் கம்பிக்குக் கீழ கார் நிக்கிறப்ப நீங்க என்ன, ஒன்றரைக் குடும்பமா?"

மேகத்துக்குள் வேலி

ஆரம்பத்தில் அது ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது. விடியும் முன்னே அரிமளத்தில் ஏறுவார்கள். மதுரை, உசிலம்பட்டி, தேனி என்று வெயில் ஏற ஏறப் போய், கம்பத்துக்கு அப்புறம் மலை ஏறும்போது உடம்பில் இருக்கிற சூடெல்லாம் இறங்கும். குமுளியில் கம்பியைத் தூக்குவார்கள். தாண்டியதும் தம்பி, "சரி, இனிமே நீங்க யாரோ நான் யாரோ" என்று கொஞ்சம் தள்ளி உட்காருவார். திரும்பி வரும்போது கம்பியைத் தாண்டியதும் "அண்ணே, வந்து சேந்துட்டோம்" என்பார். அண்ணன் வெற்றிலையை மடித்து நீட்டுவார். அந்த மலையில் எல்லாமே அரைத் தூக்கத்தில் நடப்பதுபோல இருக்கும். மேகம் கார் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, ஐயா முகத்தைத் தடவிவிட்டு அந்தப் பக்கம் போகும். எந்த ராஜ்யத்து மேகம் என்று யாரும் கேட்பதில்லை.

கேரளாக்காரர் விசாரிக்க வருவதற்குள் காகிதத்தில் இருப்பதை மெய்யாக்கிவிடலாம் என்று ஏலக்காய்த் தோட்டத்துக்குக் குறுக்கே ஒரு கம்பி வேலி போட்டார்கள். சும்மா ஒரு கண்துடைப்புக்குத்தான். ஆனால் வேலி என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று இரண்டு உண்டாகிவிடுகிறது. காய் உலர்த்துகிற கொட்டகை ஒன்றுதான் இருந்தது. அது அண்ணன் பக்கம் விழுந்தது, தம்பி இன்னொன்று கட்டினார். ஊற்று தம்பி பக்கம் விழுந்தது, அண்ணன் குழாய் போட்டார். நான் போய் நின்றால் இரண்டு கொட்டகையிலும் தனித்தனியாகத் தேநீர் கொடுத்தார்கள். ஒன்றில் குடித்துவிட்டு இன்னொன்றில் வேண்டாம் என்றால் முகம் சுண்டியது. அடுத்த தடவை போனபோது வேலி ஓரத்து நிழல் மரம் ஒன்றின் கிளையை யார் கழிப்பது என்று இரண்டு பேருக்கும் பேச்சு முற்றி, ஐயா நடுவில் போய் நின்று அமர்த்த வேண்டியதாகிவிட்டது. காரைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் தோட்டத்துக் கங்காணி வந்து, பீடியைக் கைக்குள் மறைத்துக்கொண்டு ரகசியமாகச் சொன்னார்:

"பேருக்கு ஒரு வேலின்னாக டிரைவரே, இப்ப காத்தடிச்சு எலை அங்கிட்டு விழுந்தாக்கூட யாரு எலைன்னு கேக்குறாக."

வழியில் ஏறிய வாத்தியார்

அந்தத் தடவை திரும்பும்போது குமுளியில் ஒரு வாத்தியார் கை காட்டினார். ஆவூர்க்காரர், அதாவது எங்கள் ஐயா ஊர்க்காரர். அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. மனைவி பிள்ளைகள் ஆவூரில். ஈஸ்டருக்கு ஊருக்குக் கிளம்பியவர், பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார். பின்சீட்டில் அண்ணன் ஒரு ஓரம், தம்பி ஒரு ஓரம். நடுவில் ஒரு ஆள் தாராளமாக உட்காரும் அளவுக்கு இடம் கிடந்தது. வாத்தியார் பையை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தார்.

ஆடிட்டர் என்று தெரிந்ததும் மனுஷர் விடவில்லை. சம்பளம் கேரளாவில், குடும்பம் இங்கே, ஆவூரில் கொஞ்சம் நிலம், எந்த சர்க்காருக்கு எதை எழுதுவது என்று பயந்து பயந்து கேட்டார். ஐயா பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டு, "உங்க வருமானத்துக்கு எங்கயும் ஒண்ணும் கட்ட வேணாம். நிம்மதியா இருங்க" என்றார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், அவருக்கு முகம் வாடிப்போய்விட்டது. "ரெண்டு சர்க்காருக்குமே நான் வேண்டாமா சார்?" என்றார். 

இந்தப் பேச்சுக்கு நடுவில் நாங்கள் கம்பியைத் தாண்டி வந்துவிட்டோம். நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். "வந்து சேந்துட்டோம்" என்ற குரல் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். தம்பி அவர் பக்கத்துப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு வந்தார். அண்ணன் அவர் பக்கத்துப் பாறையைப் பார்த்துக்கொண்டு வந்தார். கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் புகை மாதிரி வெயில். வளைவுக்கு வளைவு கார் சாயும்போது இரண்டு பேர் தோளும் வாத்தியார் மேல்தான் பட்டது. இருபுறமும் முக ஜாடை ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு வாத்தியார் அண்ணன் பக்கம் திரும்பி, "இவங்க உங்க தம்பிங்களா?" என்று கேட்டார். கூடப் பிறந்தவனும் பங்காளிதான்; ஆனால் கோர்ட்டுக்குப் போகிற வரைக்கும் எங்கள் பக்கம் எவனும் தம்பியை அப்படிச் சொல்லமாட்டான். அண்ணன் பாறையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"பங்காளி."

 ஊருக்கு வந்து இரண்டு பேரையும் இறக்கிவிட்ட பிறகு ஐயா பெருமூச்சு விட்டு என்னிடம் சொன்னார்:

"பிரிஞ்சோம்னு ரெண்டு பக்கமும் எழுதிற வேண்டியதுதான் போல, காத்தமுத்து."

ஆத்தாவின் வாக்குமூலம்

கேரளாவிலிருந்து வரி இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனுஷர், எல்லைப் பக்கத்துக்காரர் என்பதால் தமிழ் நன்றாகவே பேசினார். புதுக்கோட்டை ரயில் ஸ்டேஷனில் அவரை ஏற்றிக்கொண்டு நானும் ஐயாவும் அரிமளம் போனோம். மத்தியான நேரம். அந்த வீட்டு முற்றத்தில் வெயில் நான்கு தூணுக்கும் நடுவில் சதுரமாக விழுந்து கிடந்தது. அதில் விரித்த வேட்டியில் வடாம் காய்ந்தது. மேலே உத்தரத்தில் ஒரு குருவி உட்கார்ந்து எங்களைக் கணக்கெடுத்தது. அண்ணன் ஒரு தூணில் சாய்ந்து நின்றார். தம்பி எதிர்த் தூணில். இன்ஸ்பெக்டர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கிழக்கே ஒரு அடுப்படி, மேற்கே ஒரு அடுப்படி, இரண்டிலும் புகை. அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது.

"ரெண்டு அடுப்பு. சரிதான், பிரிஞ்சுதான் இருக்காங்க" என்றார்.

ஐயா பொய் சொல்லமாட்டார். அரிமளத்தில் அவர்கள் மாதிரி வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானால் மறுமாசமே அதே வீட்டுக்குள் தனி உலை வைத்துவிடுவார்கள், மருமகள்கள் சண்டை போடாமல் இருக்க. உலை தனி, சொத்து ஒன்று, அது அவர்கள் வழக்கம் என்று விளக்கினார். இன்ஸ்பெக்டருக்குக் குழப்பமாகிவிட்டது. "அப்ப பிரிஞ்சாங்களா இல்லையான்னு யாரைக் கேக்கிறது?" என்றார்.   அண்ணன் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு அந்தக் குடும்பம் முடிந்துபோயிருக்கும். அவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன்.

அப்போது ஊஞ்சலில் சாய்ந்திருந்த உமையாள் ஆத்தா எழுந்து உட்கார்ந்தார். வந்ததிலிருந்து அவர் தூங்குகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். இன்ஸ்பெக்டர் மரியாதையாகக் குனிந்து, "ஒண்ணுமில்லம்மா, நீங்க எந்த அடுப்பிலே சாப்பிடறீங்க?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகவே இத்தனை வருஷம் காத்திருந்த மாதிரி ஆத்தா பிடித்துக்கொண்டார்.

"வாங்க தம்பி. நீங்களாச்சும் கேட்டீங்களே. காலையில பெரியவன் வீட்டு இட்டிலி. எடுத்து எறிஞ்சா எதுத்த வீட்டு ஓடு ஒடையும். மத்தியானம் சின்னவன் வீட்டுக் கொழம்பு. அதுல மொகம் பாத்துத் தலை சீவலாம். பெரியவன்கிட்டச் சொன்னா, 'சின்னவன் வீட்டுல கேளு ஆத்தா'ங்குறான். சின்னவன்கிட்டச் சொன்னா, 'அண்ணனைக் கேக்காம நான் என்ன செய்ய'ங்குறான்."

இன்ஸ்பெக்டர் விடாமல், "அப்ப உங்க பசங்க ரெண்டு பேரும் பாகம் பிரிஞ்சிட்டாங்களா அம்மா?" என்றார்.

 ஆத்தா இரண்டு தூணையும் மாறி மாறிப் பார்த்தார். தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

"பிரிஞ்சிருந்தா போட்டிக்காச்சும் ஒருத்தன் நல்ல சோறு போட்ருப்பானே தம்பி, ரெண்டு பயலும் சேந்துல்ல என்னையப் பட்டினி போடுறாய்ங்க!"

நல்லவேளை

முதலில் சிரித்தது தம்பி. அடக்கப் பார்த்து முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அண்ணனுக்குத் தோள் குலுங்கியது. இரண்டு அடுப்படியிலிருந்தும் இரண்டு மருமகள்கள் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். 'பிரியவில்லை' என்று அண்ணனே அவரிடம் சொன்னார். சொல்லும்போது தம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அன்றைக்கு இன்ஸ்பெக்டருக்கும் எங்களுக்கும் அந்த இட்டிலியும் அந்தக் குழம்பும்தான் பரிமாறினார்கள். ஆத்தா சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

ஐயா இரண்டு சர்க்காருக்கும் கூட்டுக் குடும்பம் என்றே எழுதிக் கொடுத்தார். வரி கூடியது, நன்றாகவே கூடியது. அடுத்த பயணத்தில் மதுரையிலிருந்து குமுளி வரைக்கும் அண்ணனும் தம்பியும் சேர்ந்து மெட்ராஸ் சர்க்காரைத் திட்டினார்கள். கம்பியைத் தாண்டியதும் சேர்ந்து கேரளா சர்க்காரைத் திட்டினார்கள். ஐயா முன்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். மேகம் எப்போதும் போல ஒரு ஜன்னலில் நுழைந்து இன்னொரு ஜன்னலில் போய்க்கொண்டிருந்தது. பின்சீட்டில் நடுவில் இருந்த இடத்தை எப்போது அடைத்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. தம்பி மட்டும் ரொம்ப நேரம் எதையோ யோசித்துக்கொண்டு வந்தார். பிறகு அண்ணன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அண்ணே, ஒண்ணா இருக்குறதுக்கே இம்புட்டு வரின்னா, நல்லவேளை அப்பச்சி நம்ம ரெண்டு பேரோட நிப்பாட்டுனாரு!"

எத்தனையோ பேரை வரி குறைந்த சந்தோஷத்தில் ஊர் கொண்டுபோய் விட்டிருக்கிறேன், ஆனால் இரண்டு சர்க்காருக்கும் கூடுதலாகக் கட்டிவிட்டு வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தவர்கள் என் காரில் இந்த இரண்டு பேர்தான்.